சரவணன் ஓட்டிய கடலோர வழி

தை மாதம், ஒரு புதன்கிழமை. காலை ஐந்தரை மணிக்கு வேங்கிக்காலில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து கிளம்பினோம். காரில் மூன்று பேர். ஓட்டுகிறவன் ரபீக், என் மகன் சரவணனின் கூட்டாளி. அவன் பக்கத்தில் நான். பின் சீட்டில் என் மருமகள் வினோதினி. போக வேண்டிய இடம், வீராணம் ஏரிக்கரையில் இருக்கும் அவளுடைய அம்மா வீடு.

கார் சரவணனுடையது. அவன் ஐப்பசி மாதம் இறந்துபோனான். காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்கவில்லை. வயது இருபத்தெட்டு. கல்யாணமாகி ஒன்றரை வருடம். இந்த வருடம் கார்த்திகை தீபத்துக்கு ஊரே மலையைப் பார்த்துக் கைகூப்பி நின்றபோது எங்கள் வீட்டில் ஓர் அகல் கூட ஏற்றவில்லை.

நேர் வழியில் போனால் வேட்டவலம், விழுப்புரம், பண்ருட்டி, வடலூர், சேத்தியாத்தோப்பு. நூற்றைம்பது கிலோமீட்டர் சொச்சம். நாங்கள் போனது செஞ்சி, திண்டிவனம், மரக்காணம், புதுச்சேரி, கடலூர், பிச்சாவரம், சிதம்பரம் வழி. கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர் சுற்று. அந்த வழியாகப் போகலாமா என்று கேட்டவள் வினோதினி. முதல் நாள் சாயங்காலம் சமையலறையில் என் மனைவியிடம் சொன்னாள். நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"அத்தை, கடலோரமாப் போலாமான்னு மாமாவைக் கேளுங்க. அவரு பார்ட்டிங்கள அந்த வழியாத்தான் கூட்டிட்டுப் போவாரு. என்னையும் ஒரு தடவ கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருந்தாரு."

சரவணன் வாடகைக் கார் ஓட்டினான். கிரிவலத்துக்கும் ஆசிரமங்களுக்கும் வருகிற வெளியூர்க்காரர்கள் நாலு நாள் இங்கே இருந்துவிட்டுக் கடல் பார்க்க வேண்டும் என்பார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு இவன் போவான். போய்விட்டு வந்து அங்கே கண்டதை எல்லாம் சாப்பிட்டுக்கொண்டே சொல்வான். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஒரு நாற்றுப் பண்ணையில் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிற வேலை. அவன் சொன்ன இடங்களில் ஒன்றைக் கூட அதுவரை நான் பார்த்ததில்லை.

எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் மாமனாரும் மருமகளும் நேருக்கு நேர் பேசிக்கொள்வது கம்மி. இப்போது பல வீடுகளில் பேசுகிறார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் வரவில்லை. நான் கூச்ச சுபாவம். அவளும் வந்த புதிதில் அதிகம் பேசாதவள். எனக்கு ஒன்று வேண்டும் என்றால் மனைவியிடம் சொல்வேன், பக்கத்திலேயே நிற்கிற வினோதினி எடுத்து வைப்பாள். "அத்தை, மாமாவுக்கு இன்னொரு தோசை வேணுமான்னு கேளுங்க" என்பாள். நான் மனைவியைப் பார்த்து, போதும் என்பேன். இது வருத்தம் எதுவும் இல்லாமல் நடந்துகொண்டிருந்தது.

அன்றைக்குத்தான் அது எனக்குப் பெரிய கஷ்டமானது. ஏனென்றால் என் தலையில் ஒரு பொறுப்பைக் கட்டி அனுப்பியிருந்தார்கள். வினோதினி ஒரு வாரம் அம்மா வீட்டில் இருந்துவிட்டுத் திரும்புவதாக நினைத்துக்கொண்டு வந்தாள். பெரியவர்கள் பேசி முடித்தது வேறு. இருபத்துநாலு வயதுப் பெண்ணை எத்தனை நாள் நாம் வைத்துக்கொள்வது, அவள் அங்கேயே இருக்கட்டும், அவளுக்கு வேறு வாழ்க்கை அமையட்டும் என்று என் மனைவி போனில் சம்பந்தி வீட்டில் அழுதுகொண்டே சொன்னாள். அவர்களும் அழுதுகொண்டே சரி என்றார்கள். அவளிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

"வழியில நீங்களே பக்குவமாச் சொல்லிடுங்க. என் வாயால வராது" என்று மனைவி வாசலில் என் காதோடு சொன்னாள். பிறகு வினோதினியின் நெற்றிப் பொட்டைச் சரிசெய்தாள். அந்தப் பொட்டை எடுக்கவே கூடாது என்று சாவு வீட்டிலேயே சண்டை போட்டவள் என் மனைவி. "அது அவ பொறக்கறப்பவே வச்சது, என் புள்ள குடுத்ததா?" என்று கேட்டு நாலு பெண்களின் வாயை அடைத்தாள்.

செஞ்சி வந்தபோது விடிந்துவிட்டது. கோட்டை மலைகள் மேல் பனி இருந்தது. ரோட்டோரக் கடையில் டீ பன்னிரண்டு ரூபாய்.

"ரபீக் அண்ணா, மாமா டீ குடிப்பாரா, காபியான்னு கேளுங்க."

"காபி போதும்னு சொல்லுப்பா" என்றேன் ரபீக்கிடம்.

ரபீக் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "ரெண்டு பேரும் மூணு அடியில உக்காந்திருக்கீங்க. நடுவுல நான் என்ன செல்போன் டவரா? சிக்னல் புடிச்சிக் குடுக்கறதுக்கு?"

வினோதினி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் சிதம்பரம் பக்கம் போகிற வரைக்கும் ரபீக்தான் டவர்.

திண்டிவனத்தில் சென்னைச் சாலையைக் குறுக்கே தாண்டிக் கிழக்கே திரும்பினோம். அங்கிருந்து மரக்காணம் முப்பத்தைந்து கிலோமீட்டர். இரண்டு பக்கமும் நெல் அறுப்புக்கு நின்றது. நடுநடுவே எங்கள் ஊர் போலவே மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லைகள். மண் மெல்ல மெல்ல வெளுத்துக்கொண்டே வந்தது. சிவப்பு மண் பழகிய கண்ணுக்கு அது என்னவோ வேறு தேசம் போல இருந்தது.

சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை தொண்டையைச் செருமினேன். இரண்டு தடவையும் ரபீக், "இருமலாப்பா? ஜன்னலை ஏத்தட்டுமா?" என்றான்.

ஏழே முக்கால் மணிக்கு மரக்காணம். சாலையின் இரண்டு பக்கமும் உப்பளம். பாத்தி பாத்தியாகத் தண்ணீர், ஒவ்வொரு பாத்தியிலும் வானம் தெரிந்தது. மழைக்காலம் முடிந்து இப்போதுதான் வேலை தொடங்கியிருக்கிறார்கள். போன பருவத்து உப்பைக் குவித்துக் கீற்றுப் போட்டு மூடியிருந்தார்கள். சாலை ஓரத்தில் பிளாஸ்டிக் பைகளில் கல்லுப்பு விற்கிற ஓர் அம்மாள் இருந்தாள். பக்கத்திலேயே ஒரு ஸ்டவ், டீ பாத்திரம். கார் நின்ற உடனே எழுந்து வந்தாள். ஓட்டுகிறவன் பக்கத்துக் கண்ணாடியில் குனிந்து பார்த்தாள்.

"வண்டி நம்ம சரவணன் தம்பிது. நீ யாரு? தம்பி வரலையா?"

ரபீக் வாயைத் திறந்தான். அதற்குள் பின்னாலிருந்து வினோதினி சொன்னாள். "அவரு வேற ட்ரிப் போயிருக்காருக்கா."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. ரபீக் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ யாரும்மா?"

"நான் அவரு வீட்டுக்காரி."

"அடியம்மா, நீதானா? எறங்கு, எறங்கு. மொகத்தப் பாக்கணும்" என்று அந்த அம்மாள் கதவைத் திறந்துவிட்டாள். "ஒவ்வொரு தடவையும் ரெண்டு பை உப்பு வாங்குவான். எதுக்குடா இவ்ளோன்னு கேட்டா, எம் பொண்டாட்டி கொழம்புல கொட்டறதுக்கு இதுவே கம்மிம்பான்."

வினோதினி சிரித்தாள். சத்தமாகவே சிரித்தாள். "பொய்யிக்கா. ஒரு நாள்தான் ஜாஸ்தியாப் போச்சு. அத வச்சே ஒன்றரை வருஷம் ஓட்டிட்டாரு."

"வரட்டும் அவன். கேக்கறேன்."

"கேளுங்க" என்றாள் வினோதினி.

மூன்று மாதமாக அவள் சிரித்ததில்லை. அழுததும் இல்லை. சாவு அன்றைக்கும் அழாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அதுதான் என் மனைவிக்கு அவளைப் பற்றி இருந்த பயம். உப்பளக் காற்றில் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு அவள் சிரிப்பதை நான் காருக்குள்ளிருந்து பார்த்தேன்.

ஒரு பை ஐம்பது ரூபாய். உப்பைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது என்பதால் அந்த அம்மாள் பையைத் தரையில் வைத்தாள், வினோதினி எடுத்துக்கொண்டாள். டிக்கியில் வைத்துவிட்டு ரபீக்கிடம் சொன்னாள், "அத்தைக்கு. திரும்பிப் போறப்ப மறந்துடப் போறோம்." திரும்பிப் போறப்ப என்று அவள் சொன்னதைக் கேட்டு நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மரக்காணம் தாண்டிப் புதுச்சேரிச் சாலையில் போகும்போது வலப்பக்கம் ஊருக்குள் பிரிகிற சாலையில் ரபீக் வண்டியைத் திருப்பினான். கொஞ்ச தூரத்தில் கழுவேலி ஏரி. ஏரி என்றால் எங்கள் பக்கம் கரை இருக்கும், மதகு இருக்கும். இதற்குக் கரையே தெரியவில்லை. மழைத்தண்ணீரும் கடல் தண்ணீரும் கலந்து நிற்கிற இடம் என்றார்கள். கண்ணுக்கு எட்டிய வரை முழங்கால் ஆழத் தண்ணீர், கோரை, சேறு. மனிதர் கிடையாது. தூரத்தில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. ரபீக் வண்டியில் வைத்திருக்கும் பைனாகுலரைக் கொடுத்தான். பார்த்தால் எல்லாம் பூநாரை. ஆயிரக்கணக்கில் இருக்கும். கால் சிவப்பு, இறக்கையின் ஓரம் சிவப்பு. தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. ஓர் ஆள் சைக்கிளில் போனதும் அத்தனையும் ஒரே நேரத்தில் எழும்பின. அப்போது அந்தக் கூட்டம் முழுவதும் இளஞ்சிவப்பாக மாறியது. சரவணன் இதைச் சோற்றைப் பிசைந்துகொண்டே கையை விரித்துக் காட்டியிருக்கிறான். நான் அப்போது, அப்படியா என்று கேட்டுக்கொண்டேன். இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

ஏரி ஓரத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் ஆள் வண்டியைப் பார்த்துக் கையை ஆட்டினார். "சரவணா, இன்னிக்கு வெள்ளக்காரங்க இல்லையா?" என்று அங்கிருந்தே கேட்டார். கிட்டே வந்து பார்த்துவிட்டு, "அட, அவன் இல்லையா?" என்றார்.

"வேற ட்ரிப்பு" என்றான் ரபீக். இந்தத் தடவை அவனே சொன்னான். சொல்லிவிட்டுக் கண்ணாடியில் வினோதினியைப் பார்த்தான்.

புதுச்சேரிக்குள் நிற்கவில்லை. ஊருக்கு முன்னாலேயே காலாப்பட்டில் இட்லி சாப்பிட்டோம். அங்கே கடை முதலாளியும் கேட்டார், அவருக்கும் அதே பதில்தான். சாலைக்கு அந்தப் பக்கம் சவுக்குத் தோப்பின் சந்துகளில் கடல் தெரிந்து தெரிந்து மறைந்தது. அதற்கு முன் ஒரே ஒரு தடவை, கல்யாணத்துக்கு முன்பு, மகாபலிபுரத்தில் நான் கடலைப் பார்த்திருக்கிறேன். வெயில் ஏற ஏறத் தண்ணீர் பச்சையாக மாறிக்கொண்டு வந்தது.

கடலூருக்குள் நுழையும் முன் ஒரு நீளமான பாலம். கீழே ஆறு அகலமாக, ஓட்டமே இல்லாமல் கிடந்தது. "இது என்ன ஆறு?" என்று கேட்டேன்.

"தென்பெண்ணைப்பா. நம்ம சாத்தனூர் டேம் தண்ணிதான். இங்க வந்து கடல்ல சேருது."

சாத்தனூரில் அதைக் கல்லில் மோதிக்கொண்டு போகிற ஆறாகத்தான் பார்த்திருக்கிறேன். இங்கே படகுகளைக் கட்டிப்போட்டிருந்தார்கள். கடலூர் முதுநகர் தாண்டி உள்வழியாக, பரங்கிப்பேட்டைப் பக்கம் ஆற்றுப்பாலம் ஏறி, மீன் காய்கிற வாசனையோடு பிச்சாவரம் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றே முக்கால்.

பிச்சாவரம் தண்ணீருக்குள் நிற்கிற காடு. சுரபுன்னை மரங்கள். வேரெல்லாம் வெளியே வளைந்து வந்து தண்ணீரில் ஊன்றியிருக்கிறது, மரம் எழுந்து நடக்கப் போவது போல. காட்டுக்குள் கால்வாய் கால்வாயாகப் பிரிந்து போகிறது. துடுப்புப் படகுக்கு நானூறு ரூபாய் கட்டினோம். மனைவி கட்டிக் கொடுத்த எலுமிச்சைச் சோற்றை மரத்தடியில் சாப்பிட்டோம்.

ரபீக் படகில் வரவில்லை. "எனக்குத் தண்ணின்னா ஆகாது. நீங்க போய்ட்டு வாங்க" என்றான். அது உண்மையா, எங்களுக்காகச் சொன்னானா என்று எனக்குத் தெரியாது. காலையிலிருந்து நான் செருமிக்கொண்டே வந்ததை அவன் பார்த்தவன்.

படகில் நாங்கள் எதிரெதிராக உட்கார வேண்டியிருந்தது. படகுக்காரர் என் முதுகுக்குப் பின்னால் நின்று துடுப்புப் போட்டார். நாற்பது வயது இருக்கும். கொஞ்ச தூரம் போனதும், "கரையில சரவணன் வண்டி நிக்குது. நீங்க அவரு வூட்டு ஆளுங்களா?" என்றார்.

"ஆமாண்ணா. அவரு வேற ட்ரிப்பு."

"வரச் சொல்லுங்கம்மா. நண்டு கேட்டாரு. எடுத்து வச்சா ஆளக் காணோம்."

கால்வாய் குறுகிக்கொண்டே போனது. மரங்கள் மேலே சேர்ந்துகொண்டன. வெளிச்சம் பச்சையாக இருந்தது. துடுப்பிலிருந்து சொட்டுகிற தண்ணீரைத் தவிரச் சத்தமே இல்லை. இனி நடுவில் சொல்லியனுப்ப ஆள் இல்லை என்று எனக்குப் புரிந்தது.

"வினோதினி" என்றேன்.

அவள் பேரை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் பழக்கத்தில் படகுக்காரரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"சொல்லுங்க மாமா."

"ஏம்மா எல்லார்கிட்டயும் அப்படிச் சொல்ற?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன். சொல்ல நினைத்தது வேறு, வாயில் வந்தது இது.

அவள் தண்ணீரில் விரலை விட்டாள். "வீட்ல யாரும் அவரு பேரையே எடுக்கறதில்ல மாமா. நீங்க எடுக்கறதில்ல, அத்தை எடுக்கறதில்ல. தெருவுல என்னப் பாத்தா பேச்ச நிறுத்திடறாங்க. இங்க காலையிலேர்ந்து எல்லாரும் கேக்கறாங்க. வரலையா, எங்கன்னு. எனக்கு நல்லா இருந்துச்சு."

நாங்கள் அவள் மனது நோகக் கூடாது என்றுதான் அவன் பேரை வாயில் எடுக்காமல் இருந்தோம். படத்தைக் கூட பீரோவுக்குள் வைத்திருந்தாள் என் மனைவி.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லச் சொல்லி அனுப்பியிருக்காங்கம்மா" என்றேன். "உன்ன அங்கயே விட்டுட்டு வரச் சொன்னாங்க."

"அங்கதானே போறோம்?"

"இல்லம்மா. அங்கயே."

"எத்தன நாளைக்கு?"

"நாள் கணக்கு இல்லம்மா."

துடுப்பு நின்றது. படகு தானாகக் கொஞ்ச தூரம் போய் வேரில் இடித்து நின்றது.

"யாரு முடிவு பண்ணாங்க?" என்று கேட்டாள்.

"உங்க அத்தை, உங்க அப்பா, அம்மா. எல்லாரும் பேசித்தான்."

"நீங்க?"

"நானும் இருந்தேன்."

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலம்மா."

"இப்பச் சொல்லுங்க" என்றாள்.

கூட்டத்தில் யாராவது கருத்துக் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுகிறவன் நான். அந்தப் படகில் எழுந்து போக இடமில்லை. "நீ வீட்ல இருந்தா எங்களுக்கு நல்லாத்தாம்மா இருக்கும். காலையில எழுந்தா உன் சத்தம் கேக்கும். உங்க அத்தைக்கும் துணை. ஆனா எங்களுக்கு நல்லா இருக்கணும்னு நீ அங்க இருக்கக்கூடாது. அப்படியே வருஷம் போயிடும்" என்றேன். என் ஆயுளில் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை.

அவள் தண்ணீரிலிருந்து விரலை எடுத்துத் துப்பட்டாவில் துடைத்தாள். பிறகு, "அண்ணா, கரைக்குப் போலாம்" என்றாள் படகுக்காரரிடம். அவர் படகைத் திருப்பினார். கரையில் இறங்கும்போது நான் கொடுத்த டிப்ஸை வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, நண்டைப் பற்றி மறுபடி பேசவில்லை.

சிதம்பரம் பதினைந்து கிலோமீட்டர். அங்கிருந்து காட்டுமன்னார்கோயில் இருபத்தைந்து. லால்பேட்டை தாண்டியதும் ஏரிக்கரை மேலேயே சாலை போகிறது. ஒரு பக்கம் வீராணம் ஏரி, மறுபக்கம் பள்ளத்தில் வயல்கள். இது கடல் போலத்தான் இருக்கிறது, அலை மட்டும் சிறிது. எதிர்க்கரை தெரியவில்லை. ஏரிக்குள் கட்டைகளில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு நின்றன.

"ரபீக் அண்ணா, கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள்.

இறங்கிக் கரை ஓரத்துக்குப் போனாள். நானும் இறங்கினேன். காற்று பலமாக இருந்தது.

"நான் இங்கயே இருக்கேன் மாமா" என்றாள். ரபீக்கை நடுவில் வைக்காமல் என்னிடமே சொன்னாள். "ஆனா போனவுடனே மாப்பிள்ள பாக்க ஆரம்பிச்சிடுவாங்க. எங்க தாய்மாமா ஒருத்தர் இருக்காரு, கையிலயே ஆள் வச்சிருப்பாரு. எனக்கு இப்ப அது முடியாது. லேப் டெக்னீஷியன் படிச்சிருக்கேன், சிதம்பரத்துல வேலைக்குப் போறேன். நான் சொல்ற வரைக்கும் யாரும் அந்தப் பேச்ச எடுக்கக்கூடாது. நான் சொன்னா சின்னப் பொண்ணு ஏதோ பேசுதும்பாங்க. நீங்க சொல்லணும்."

"நானா?"

"அவரோட அப்பா சொன்னா கேப்பாங்க."

அவள் ஊர் அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர். தெருமுனை திரும்பியபோதுதான் நான் மறந்துபோன ஒன்று நினைவுக்கு வந்தது. புருஷனைப் பறிகொடுத்த பெண் முதல் தடவை தாய் வீட்டுக்கு வரும்போது தெருப் பெண்கள் எதிர்கொண்டு வந்து கட்டிக்கொண்டு அழுவார்கள். எங்கள் பக்கமும் உண்டு. பத்துப் பதினைந்து பேர் தலையை விரித்துக்கொண்டு முனையிலேயே காத்திருந்தார்கள். கார் நின்றதும் கதவைத் திறந்து அவளை இறக்கினார்கள். அவளுடைய அம்மா முதலில் வந்து விழுந்தாள். வட்டமாகக் கட்டிக்கொண்டார்கள். ஒப்பாரி கிளம்பியது. "கடலோரம் போன மகராசன் கரையேறி வரலையே" என்று ஒருத்தி பாட ஆரம்பித்தாள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

அந்த வட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் தனியாகக் கேட்டது. வினோதினி அழுதாள். மூன்று மாதமாக அழாதவள் அழுத சத்தம் அது. ரபீக் காரின் மறுபக்கம் போய்ச் சக்கரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். சக்கரத்தில் ஒன்றும் இல்லை. காலையிலிருந்து அந்தச் சாலை முழுவதும் வேறு ட்ரிப் போயிருந்தவன் அந்தத் தெருமுனையில்தான் எங்களுக்குச் செத்துப்போனான்.

சம்பந்தி என் கையைப் பிடித்து அழைத்துப் போய்ப் பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார். காபி கொடுத்தார்கள். ஆண்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அழுகை ஓய்ந்து பெண்கள் அவளை ஏதாவது சாப்பிட வைக்க உள்ளே கூட்டிப் போனார்கள். வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் தொண்டையைக் கனைத்தார். அவள் சொன்ன தாய்மாமன் இவர்தான் என்று உடனே தெரிந்தது.

"நடந்தது நடந்துபோச்சு. பொண்ணு எதிர்காலத்தைப் பாக்கணும் இல்லீங்களா? புவனகிரியில ஒரு பையன், அவனுக்கும் இது ரெண்டாவது..."

"சம்பந்தி, ஒரு வார்த்தை" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். எல்லோரும் திரும்பினார்கள். "அந்தப் பேச்சு இப்ப வேணாங்க. அவ வேலைக்குப் போகணும்ங்கறா. போகட்டும். அவளா வாயத் தொறந்து சொல்ற வரைக்கும் யாரும் எதுவும் பாக்க வேணாம்."

"அது எங்க பொண்ணுங்க, நாங்க பாத்துக்கறோம்" என்றார் மாமன்.

"உங்க பொண்ணுதான்" என்றேன். "ஒன்றரை வருஷம் எங்க வீட்ல இருந்தா. இது என் பையன் இருந்து சொல்ல வேண்டியது. அவன் இல்ல, நான் சொல்றேன்."

மாமன் சம்பந்தியைப் பார்த்தார். சம்பந்தி என்னைப் பார்த்தார். "சரிங்க. அவ சொல்ற வரைக்கும் இல்ல" என்றார். வீட்டுக்குள் கதவருகே வினோதினி நிற்பதை அதற்குப் பிறகுதான் கவனித்தேன்.

மூன்று மணி ஆகிவிட்டது. துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது வழக்கம். போய்விட்டு வருகிறேன் என்று சொன்னால் அந்தத் துக்கம் திரும்ப வரும் என்பார்கள். எழுந்து துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, பேசாமல் போய்விட வேண்டும். நானும் அப்படித்தான் எழுந்தேன். சம்பந்தியும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து நின்றார். ரபீக் வண்டியை எடுத்தான். வினோதினி வாசல் வரை வந்தாள். முகம் வீங்கி, தலை கலைந்து, ஒரே நாளில் வயது கூடிவிட்டவள் போல இருந்தாள். காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். உட்கார முடியவில்லை.

"வரேம்மா" என்றேன்.

பக்கத்தில் நின்ற ஒரு கிழவி உச்சுக் கொட்டினாள். "துக்க வீட்ல அப்படிச் சொல்லக்கூடாதுங்க."

வினோதினி அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வாங்க மாமா" என்றாள். "அடுத்த தடவ அத்தையையும் கூட்டிட்டு வாங்க."

திரும்பியது நேர் வழி. சேத்தியாத்தோப்பு, வடலூர், பண்ருட்டி, விழுப்புரம். நல்ல சாலை. பார்க்க அதிகம் ஒன்றுமில்லை. ரபீக் பாட்டுப் போடவில்லை. வேட்டவலம் நெருங்கும்போது பொழுது சாய்ந்து, மேற்கே எங்கள் மலை தெரிந்தது. வெளியூர் போய் வருகிற எங்கள் ஊர்க்காரன் எவனும் அதைக் கண்டால் வீடு வந்துவிட்டது என்று நிமிர்ந்து உட்காருவான். பஸ்ஸில் தூங்குகிறவனைக் கூட எழுப்பிக் காட்டுவார்கள். ரபீக்கும் வழக்கம்போல வேகம் எடுத்தான்.

"கொஞ்சம் மெதுவாவே போப்பா" என்றேன்.